பிசிறு எடுத்த பாட்டு

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். சாப்பாட்டுக் கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. மதிய இடைவேளைக்காக, தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அப்படி ஓர் அமைதி நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

எதிர் பெஞ்சில் லியூ உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிற்சாலைக்கு வந்திறங்கிய புதிய பிரஸ் இயந்திரத்தை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காகச் சீனாவிலிருந்து வந்திருந்த பொறியாளர். ஐம்பதை ஒட்டிய வயது. கப் நூடுல்ஸில் வெந்நீரை ஊற்றி மூடிவைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவுள்ள பழைய மியூசிக் பிளேயர் ஒன்றை எடுத்தார். அதை ஒரு சின்ன ஸ்பீக்கரில் செருகினார்.

ஒரே ஒரு தந்தி ஒலித்தது. தாழ்ந்த, கனமான ஒலி. அது நேராக அடங்கவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே போய், அங்கே சற்று நடுங்கி, காணாமல் போயிற்று. பிறகு ஒன்றுமில்லை. கூரையிலிருந்து மூன்று சொட்டு விழுந்தது. நான்காவது சொட்டோடு அடுத்த ஒலி வந்தது.

என் பக்கத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சாமுவேல், கையை நீட்டி ஸ்பீக்கரின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"லூஸ் கான்டாக்ட் சார். நின்னு நின்னு வருது பாரு."

லியூ சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம் ஆங்கிலம். மிச்சத்தை அவருடைய கைபேசி மொழிபெயர்க்கும். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழிலேயே தருகிறேன்.

"நிற்கவில்லை. போய்க்கொண்டிருக்கிறது. கேளுங்கள்."

கேட்டேன். என் வலது கை தொடையில் தாளம் தேட ஆரம்பித்துவிட்டது. சிறு வயதிலிருந்து கச்சேரி கேட்பவன். கை தானாகப் போகும். ஆதியில் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. ரூபகத்துக்கு மாற்றினேன். அதுவும் நழுவியது. லியூ கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை என் கைமேல் வைத்தார். அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

நூடுல்ஸ் ஊறிக் குழைந்து போயிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஊறிப்போன டைரி

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கும் பொன்னேரி வாசகர் ஒருவர், "பல் பிடுங்கிய நாளுக்குக்கூட தேதி சொல்கிற ஆள் நீங்கள். இந்த வாரம் தேதி தவறினால் கேட்பேன்" என்று எழுதியிருந்தார். கேட்டுவிடட்டும். இந்த அத்தியாயத்துக்குத் தேதி கிடையாது.

அந்த ஆண்டின் டைரி பீரோவின் அடித்தட்டில் இருந்தது. மணவாள நகரில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது, பீரோவுக்குள்ளும் இரண்டு விரற்கடை புகுந்துவிட்டது. மை கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் நீலமாகப் படர்ந்து, உலர்ந்த பிறகு ஒரு மேகக் கூட்டம்போல் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இப்போது படிக்க முடிவது மூன்று சொற்கள்: ஐப்பசி, செவ்வாய், மோகனம்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஐப்பசி. அதற்குமேல் என்னால் சத்தியம் செய்ய முடியாது. தேதி இல்லாமல் எழுதும்போது நடந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் தோன்றுகிறது. இந்தப் பாட்டைப் பற்றி எழுத அதுவும் பொருத்தம்தான்.

மோகனம் என்று எழுதினேன்

அதுவரை சீன இசை என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு வகை. சண்டைப் படங்களில் வில்லன் கதவைத் திறக்கும்போது அடிக்கும் வெண்கலத் தட்டு. சென்னையில் ஒரு ஹோட்டலில் சூப் வரும்வரை ஓடிக்கொண்டிருந்த புல்லாங்குழல். இரண்டையும் கேட்டு, "ஐந்து சுரம், நம்ம மோகனம்தான், வேறு ஒன்றுமில்லை" என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். முல்லைப்பண்ணில் தொடங்கி உலகம் முழுக்க மோகனம் எப்படிப் போயிற்று என்று இதே போன்ற ஒரு வார இதழுக்கு இரண்டு பக்கக் கட்டுரைகூட எழுதி அனுப்பினேன். நல்லவேளையாக அவர்கள் போடவில்லை.

அன்றைக்கும் டைரியில் மோகனம் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்தடுத்த மதியங்களில் அதே பாட்டை அவர் வைத்தார். மொத்தம் ஏழு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் பாட்டு. நான் மோகனத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பேன். அது வரும் இடத்துக்கு அருகில் வந்து, வராமல், வேறொரு படியில் இறங்கிவிடும். ஐந்தாறு நாளில் ஒன்று விளங்கியது. பெயர் வைத்துவிட்டு அந்தப் பெயரைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டைக் கேட்கவில்லை.

வாத்தியத்தின் பெயரை லியூ சொன்னார். கூச்சின் என்று என் காதில் விழுந்தது. கைபேசியில் படமும் காட்டினார். நீளமான கருப்புப் பலகை, அரக்குப் பூச்சு, ஏழு தந்தி. மேசைமேல் படுக்க வைத்து வாசிக்கிறார்கள். வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் இல்லை. பலகையின் ஓரத்தில் சிப்பியால் பதித்த பதின்மூன்று வெள்ளைப் புள்ளிகள் மட்டும். வலது கை மீட்டும், இடது கை தந்தியை அழுத்தி வழுக்கும். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டை செய்கிற வேலையை இதில் வெறும் விரலே செய்கிறது.

"ஒருமுறை மீட்டிவிட்டால் வலது கையின் வேலை தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒலி தேய்ந்துகொண்டே இருக்கும்போது இடது கை அதைக் கூட்டிக்கொண்டு போகும். ஒலி தீர்ந்த பிறகும் போகும்" என்றார்.

"ஒலி தீர்ந்த பிறகு எதைக் கூட்டிக்கொண்டு போகும்?"

லியூ யோசித்தார். கைபேசியில் எதையோ தட்டினார். அது தமிழில் என்ன சொன்னதென்றால், "மீதம்."

இரண்டு பொத்தான்

வாசிப்பது யார் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு உடனே வரவில்லை. அது வெளிவந்தது ஒரு சண்டையில்.

பிரஸ் இயந்திரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிருந்து பல டன் எடையோடு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அது இறங்க வேண்டுமென்றால், தொழிலாளி இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்த வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் வேகமாக ஓட்ட நினைப்பவர்கள் ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிடுவார்கள். ஒரு கை பொத்தானில், மறு கை தகட்டில்.

லியூ வந்த இரண்டாவது வாரம், புது இயந்திரத்தில் யாரோ அப்படி டேப் ஒட்டியிருந்தார்கள். அதிர்ந்து பேசாத அந்த மனிதர் அன்றைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, டேப்பைப் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தார். சீன மொழியிலேயே கத்தினார்.

"இன்னாய்யா இவன், சாமி கும்புட்றா மாரி ரெண்டு கையும் கேக்குறான்" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். சிலர் சிரித்தார்கள்.

மதியம் லியூ கொட்டகைக்கு வந்தார். பிளேயரை வெளியே எடுத்தார், போடவில்லை.

"இது என் மனைவி வாசித்தது" என்றார்.

இருவரும் இளம் வயதில் ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். அவர் மனைவி வேலை முடிந்து போய் இந்த வாத்தியம் கற்றுக்கொண்டார். வாடகை அறையில், ஒரு மாலை, நண்பர் ஒருவர் கொண்டுவந்த கருவியில் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். அரை வருடம் கழித்து, டேப் ஒட்டிய ஒரு பொத்தான். வலது கையில் மூன்று விரல்கள் போயின. அன்றிலிருந்து வாத்தியம் துணி சுற்றி அலமாரியின்மேல் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

"இந்த ஒன்றுதான் இருக்கிறதா? வேறு பிரதி?"

"எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன்" என்றார் லியூ.

பெரியபாளையம் வழியாக

ஒரு சனிக்கிழமை, லியூ அந்த பிளேயரை என் கையில் கொடுத்தார். "திங்கள்கிழமை தாருங்கள். கொட்டகையில் கேட்பது வேறு, தனியாகக் கேட்பது வேறு."

கம்பெனி பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன். ஏரிகள் நிறைந்திருந்த நேரம். நாற்று நட்ட வயல்களில் வானம் கிடந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கி ஒன்று தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. பஸ் போகப் போக அது கலையாமல் கூடவே வந்தது. காதுக்குள் அந்த ஒலி மீட்டப்பட்டு, வழுக்கி, தேய்ந்தது. தேய்ந்த இடத்திலிருந்து வயல் தொடங்கியது. எது பாட்டு, எது பாட்டின் இடைவெளி, எது ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல், பாட்டு திரும்பத் திரும்ப ஓடிய ஒன்றரை மணி நேரம் அது. என் கை அசையவில்லை என்பதை வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

வீட்டில் என் மனைவி கோமளாவிடம் ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னாங்க இது? யாரோ கட்டில இழுத்துக்கினு போறா மாரி கீது."

அவள் சொன்னது சரிதான். கொட்டகையின் சிறிய ஸ்பீக்கரில் தெரியாத ஒன்று இதில் கேட்டது. ஒவ்வொரு வழுக்கலிலும் 'சர்ர்ர்' என்று ஒரு தேய்ப்பு. சில இடங்களில் சுரத்தைவிடத் தேய்ப்பே பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளேயர் திக்க ஆரம்பித்தது. பாட்டு நடுவில் குதித்து, முதலிலிருந்து ஓடியது. பிரஸ் ஷாப்பின் இரும்புத் தூள் உள்ளே போயிருக்க வேண்டும். என் கையில் இருக்கும்போதா கெட வேண்டும் என்று பதறிப்போனேன். திங்களன்று காலை, லியூவிடம் சொல்லிவிட்டு, பிளேயரை சாமுவேலிடம் கொடுத்தேன்.

சாமுவேலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வேலை உண்டு. அவர்கள் ஊர் சர்ச்சின் பாடல்களையும் பிரசங்கத்தையும் பதிவு செய்து, லேப்டாப்பில் வைத்து, ஃபேன் சத்தத்தையும் இருமலையும் எடுத்துவிட்டு, போதகரின் குரலை மட்டும் பளிச்சென்று கொடுப்பார். அந்த வட்டாரத்தில் அவருக்கு அதில் பெயர்.

இந்த இடத்தில் நான் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தரக் கட்டுப்பாட்டில் முப்பது வருடம் நான் பார்த்த வேலை ஒன்றுதான். வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும். கட்டை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் திருப்பி அனுப்புவேன். அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வருவார்கள். பிசிறு இல்லாத பொருள் நல்ல பொருள்.

ஆகவே சாமுவேலிடம் சொன்னேன்: "உள்ள மெமரி கார்டு திக்குது, அத்த சரி பண்ணு சாமு. அப்படியே பாட்டுல ஒரு தேய்ப்புச் சத்தம் வருது பாரு, அதையும் எடுத்துட்டுக் குடு. லியூ சாருக்கு நம்ம பரிசா இருக்கட்டும்."

"அது இன்னா சார் பெரிய வேலை" என்றார் சாமுவேல்.

சுத்தம்

வியாழக்கிழமை மதியம் சாமுவேல் பிளேயரை மேசைமேல் வைத்தார். புது உறைகூட போட்டிருந்தார்.

"கண்ணாடி மாரி வந்துக்குது சார். போட்டுப் பாருங்க."

லியூ போட்டார். முதல் ஒலி சுத்தமாக, மணிபோல் விழுந்தது. வழுக்கிய இடம் எண்ணெய் போட்டதுபோல் போயிற்று. இடைவெளிகளில் கும்மிருட்டு மாதிரி அமைதி. நான் சாமுவேலைப் பார்த்துத் தலையசைத்தேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

லியூ ஒலியைக் கூட்டினார். குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். முழுப் பாட்டையும் அப்படியே கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அவள் விரல் எங்கே?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தன் இடது கட்டை விரலை மேசைமேல் வைத்து அழுத்தி இழுத்துக் காட்டினார். மேசை 'சர்ர்ர்' என்றது.

"இது."

சாமுவேலின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார்.

"பழசு வச்சிருக்கியா சாமு?" என்று கேட்டேன்.

"அது மேலயே சேவ் பண்ட்டேன் சார். கார்டு எரர் காட்டிக்கினே இருந்துச்சு, ஃபார்மேட் போட்டுத்தான் ஏத்துனேன்."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று லியூவிடம் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பிளேயரை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போனார். இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

சாமுவேல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொன்னேரியில் ஒரு கடைக்கும் சென்னையில் ஒரு கடைக்கும் போனார். அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருள் எதுவும் அந்தப் பழைய ஏழு நிமிடத்தைத் தரவில்லை.

"திட்னாக்கூட பரவால்ல சார்" என்றார் சனிக்கிழமை. "எப்பவும்போல என்னாண்ட வந்து தமிழ்ல 'சாப்டாச்சா'ன்னு கேக்குறாரு. அதான் பேஜாரா கீது."

ஞாயிற்றுக்கிழமை

லியூவின் மனைவியான அந்த அம்மாளிடம் நேராக மன்னிப்புக் கேட்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். லியூ சம்மதித்தார். அவர் தங்கியிருந்தது கும்மிடிப்பூண்டியில் ஒரு விருந்தினர் விடுதியின் மாடி அறை. நான் இரண்டு பஸ் மாறிப் போனேன். சாமுவேல் காலை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு, லேப்டாப்பும் பெரிய ஹெட்போனும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நமக்குப் பதினொன்றரை, அங்கே பிற்பகல் இரண்டு.

கைபேசித் திரையில் கண்ணாடி அணிந்த, குட்டை முடி வைத்த ஒரு பெண்மணி தெரிந்தார். லியூ நடந்ததைச் சொன்னார். நாங்கள் கை கூப்பினோம். அவரும் தலை குனிந்தார். பிறகு ஏதோ கேட்டார். லியூ பிளேயரை எடுத்து, சுத்தம் செய்த பாட்டைக் கைபேசிக்கு அருகில் வைத்து ஓடவிட்டார்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார் சொல்றாங்க?" என்றார் சாமுவேல் பயத்தோடு.

லியூ விருப்பமில்லாமல் மொழிபெயர்த்தார். "கற்றுக்கொடுத்தவர் அவளை இதற்காகத்தான் திட்டுவாராம். எலி பிறாண்டுவதுபோல் இருக்கிறது, விரலை லேசாக வை என்று. அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. இந்தியாவில் ஒருவர் மூன்று நாளில் சரி செய்துவிட்டாரே என்கிறாள்."

சாமுவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது. லியூ மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். அதை அவர் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அங்கே சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் எழுந்து போனார். வெகுநேரம் திரையில் நாற்காலி மட்டும் இருந்தது. ஒரு ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் துணி சுற்றிய நீளமான ஒன்று. முடிச்சைப் பல்லாலும் இடது கையாலும் அவிழ்த்தார். கருப்புப் பலகை. ஏழு தந்தி.

லியூ கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

திரையில் அந்த அம்மாள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். இடது கைக் கட்டை விரலைத் தந்தியில் வைத்து அழுத்தினார். விரல் வலப்பக்கம் நகர்ந்தது. நின்றது. நடுங்கியது. திரும்பியது. மோதிர விரல் வந்து வேறொரு தந்தியில் உட்கார்ந்து வழுக்கியது. மீட்டுவதற்குக் கை இல்லை. வழுக்குகிற கை மட்டும் பாட்டை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு போயிற்று.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

லியூ ஒலியைக் கூட்டினார். கைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. விரல் மட்டும் திரையில் போய்வந்துகொண்டிருந்தது.

சாமுவேல் குனிந்து பார்த்தார். "போனே கட் பண்ணுது சார். பேச்சு மாரி பெரிய சத்தம் மட்டும்தான் விடும், சின்னதக் குப்பைன்னு தள்ளிடும். நான் பண்ண அதே வேலை." பிறகு அவசரமாக, "கால்ல வேணாம். தனியா ரெக்கார்டு பண்ணி மெயில்ல அனுப்பச் சொல்லுங்க சார். அதுல வரும்."

லியூ சொன்னார். அந்த அம்மாள் இன்னொரு கருவியைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாத அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோப்பு வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. அவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. வாத்தியத்துக்குப் பின்னால் காத்திருந்தார்.

சாமுவேல் லேப்டாப்பில் திறந்தார். ஒலி இருந்தால் மேலும் கீழும் எழும்ப வேண்டிய கோடு, ஏறக்குறைய நேர்கோடாகவே கிடந்தது. "சவுண்டு ஏத்தட்டா சார்?" என்றார். லியூ வேண்டாம் என்று தலையசைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். முடிந்ததும் மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு கழற்றி என்னிடம் தந்தார்.

முதலில் என் மூச்சுதான் கேட்டது. அப்புறம் அது வந்தது. சர்ர்ர். ஒரு விரல் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, இன்னோரிடத்தை அடைந்தது. சுரம் இல்லை. ஆனால் எந்தச் சுரத்துக்குப் பிறகு இந்த வழுக்கல், எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மழைக்குப் பிந்தைய வயலில் நடந்து போகிறவர் தெரியாமல், நீர் விலகுவது மட்டும் தெரிவதுபோல் இருந்தது.

கடைசியாக சாமுவேல் மாட்டிக்கொண்டார். வழக்கமாக ஒலிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பவர், லேப்டாப்பை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார். எங்கள் இருவரைவிடவும் அதிக நேரம் கேட்டார்.

திரையிலிருந்து அந்த அம்மாள் ஏதோ கேட்டார்.

"கேட்கிறதா என்கிறாள்" என்றார் லியூ.

காது மூடியிருந்த சாமுவேலுக்கு நாங்கள் பேசியது எட்டவில்லை. ஆனால் திரையில் அந்த அம்மாளின் வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றாமல், எதிர் வீட்டு மாடிக்குக் கூப்பிடுகிறவர்போல், கைபேசியைப் பார்த்து உரக்கக் கத்தினார்:

"கேக்குதும்மா! நல்லா கேக்குது! நிறுத்தாதீங்க!"